கட்டிலுக்கு அடியில் கூச்சம்

நேயர்களே, வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது மூட்டைப்பூச்சியைப் பற்றி. இதைச் சொன்னதுமே ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கிறவர்கள் சிலர் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று. அவர்களுக்காகத்தான் முக்கியமாகப் பேசுகிறேன்.

நான் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வீடு வீடாகப் படியேறியிருக்கிறேன். கொசு என்றால் ஜனங்கள் தெருவில் நிற்க வைத்தே புகார் சொல்வார்கள். மூட்டைப்பூச்சி என்றால் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். ஓசூரில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. முதல் மாடியில் ஓர் அம்மா, "மெதுவாப் பேசுங்க சார், கீழ் வீட்டுக்காரங்க காதுல விழும்" என்றார். கீழே இறங்கினால் அந்த வீட்டிலும் மூட்டைப்பூச்சி. அவர்களும் மாடியைக் கையால் காட்டி, உதட்டில் விரலை வைத்தார்கள். இப்படி எல்லா வீட்டிலும் தனித்தனியாக, ரகசியமாக ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அடித்தால் பூச்சி ஒயர் குழாய் வழியாகவும் சுவர் விரிசல் வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அங்கே அடித்தால் திரும்பி வருகிறது. எல்லாரும் ஒரே நாளில் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

அசுத்தமான வீட்டில்தான் இது வரும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது மனித ரத்தம். குப்பையோ சோற்றுப் பருக்கையோ அதற்குத் தேவையே இல்லை. பளிங்குத் தரை போட்ட வீட்டிலும் ஆள் தூங்குகிறார் அல்லவா, அது போதும். சாமான் நிறைய அடைந்து கிடந்தால் ஒளிய இடம் கூடும், அவ்வளவுதான்.

சரி, இது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த பூச்சி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர். தட்டையாக இருக்கும், பறக்காது, குதிக்காது. மெத்தையைத் தூக்கி அதன் ஓரத் தையலை, அந்தக் கயிறு மாதிரி புடைத்திருக்கும் விளிம்பை, விரலால் விரித்துப் பாருங்கள். பேனா மை சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது பூச்சியின் கழிவு, செரித்த ரத்தம். ஈரத் துணியால் துடைத்தால் செம்பழுப்பாகப் படரும். பக்கத்திலேயே உரித்துப் போட்ட மெல்லிய தோல்கள், முத்து நிறத்தில் ஒரு மில்லிமீட்டர் முட்டைகள். இப்போது வரும் பிளைவுட் கட்டிலில் திருகாணி போடாமல் விட்ட ஓட்டைகள் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு ஓட்டைக்குள் குடும்பமே இருக்கும். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை ஆட்கள் தங்கும் விடுதிகளில் இரும்பு அடுக்குக் கட்டில்கள். அதில் குழாயின் திறந்த முனைதான் கோட்டை. பிளாஸ்டிக் மூடி கழன்று போன குழாய்க்குள் எத்தனை துடைத்தாலும் துணி எட்டாது.

ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் இருநூறு, முந்நூறு முட்டை வரை இடும். முட்டை பொரிக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் முதல் பத்து நாள். குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கும், ஒவ்வொரு முறையும் ரத்தம் குடித்தாக வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றரை மாதத்தில் முட்டை பூச்சியாகிவிடும். வளர்ந்த பூச்சி சாப்பிடாமலே சில மாதம் கிடக்கும். ஆகவே பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் பட்டினியில் செத்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கடித்த தடம் பெரிய குழப்பம். சிலருக்கு வரிசையாகத் தடிப்பு வரும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிற கணவன் மனைவியில் ஒருவர் சொறிகிறார், இன்னொருவர் "எனக்கு ஒன்னும் கடிக்கலையே, உனக்குத்தான் ஏதோ" என்கிறார். இதை வைத்தே சண்டை போட்ட வீடுகள் உண்டு. வேர்க்குரு, கொசுக்கடி, சாப்பாட்டு அலர்ஜி என்று மாறி மாறிக் களிம்பு தடவுவார்கள். தடிப்பை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூச்சியையோ அதன் தடத்தையோ கண்ணால் பார்க்க வேண்டும். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குச் சட்டென்று டார்ச் அடித்தால் மாட்டும்.

இது கடித்து எய்ட்ஸ் வருமா, மஞ்சள்காமாலை வருமா என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்குத் தொற்றுநோய் பரவியதாக நிரூபணம் இல்லை. தூக்கம் கெடும், சொறிந்த இடம் புண்ணாகும், மனசு நொந்துபோகும். அதுவே போதாதா?

நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுத் தரையில் மோதித் தட்டுவார்கள், சட்டத்துச் சந்துகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள், உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடத்துவார்கள். அதில் நல்ல விஷயம் இருக்கிறது, சூடு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபோது வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். கொசுவுக்காக அடித்ததில் மூட்டைப்பூச்சியும் கொத்துக் கொத்தாகச் செத்தது. ஜனங்களுக்குக் கொசு செத்ததைவிட இதில்தான் சந்தோஷம். பிறகு பூச்சி பழகிவிட்டது. சாகாமல், மருந்து பட்டதும் எரிச்சலில் வெளியே வந்து இன்னும் அதிகமாக நடமாடியது. "மருந்தடிச்ச பிறகுதான் மூட்டைப்பூச்சி ஜாஸ்தியாச்சு" என்று கதவைத் திறக்க மறுத்த வீடுகளைப் பற்றி என் மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. டி.டி.டி.க்கு அடங்காத மூட்டைப்பூச்சியை அமெரிக்கக் கடற்படைக் குடியிருப்பில், ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பரில், 1947-லேயே பார்த்துவிட்டார்கள்.

இன்றைக்குக் கடையில் வாங்கும் கொசு, கரப்பான் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் பைரெத்ராய்டு என்ற வகை மருந்து இருக்கிறது. டி.டி.டி. பூச்சியின் நரம்பில் எந்த இடத்தைத் தாக்கியதோ, அதே இடத்தைத்தான் இதுவும் தாக்குகிறது. அதற்குப் பழகிய பூச்சி இதற்கும் பாதி பழகித்தான் பிறக்கிறது. டப்பா டப்பாவாக அடித்தும் போகவில்லை என்றால் காரணம் இதுதான். முட்டையை இந்த மருந்து பெரும்பாலும் தொடுவதும் இல்லை. புகை போடும் டப்பாக்கள் அதைவிட மோசம். இடுக்குக்குள் புகை போகாது, பூச்சியை அடுத்த அறைக்கு விரட்டும். வேப்பிலை, அந்துருண்டை, சாம்பிராணி எல்லாம் மனத்திருப்திக்கு.

இனி ஒன்று, இதை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறேன். நம் மாவட்டங்களில் மா, தக்காளி, பூ என்று விவசாயம் அதிகம். அதனால் வீட்டு மூலையில் வயலுக்கு அடிக்கும் மருந்து இருக்கும். மூட்டைப்பூச்சி தாங்க முடியாமல் அதைத் தண்ணீரில் கலந்து மெத்தையில் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அந்த மருந்து வெட்டவெளிக்கானது. மூடிய அறையில் இரவு முழுக்க அதன்மேல் படுத்து மூச்சு விடுவது குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து. இன்னும் கொடியது, ராகி, நெல் மூட்டைக்கு வண்டு வராமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, சந்துகளில் இறங்கிப் பக்கத்து வீட்டுக்கும் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர்ப் பக்கம் எலிக்காக வைத்த மருந்தின் நெடியில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். எலியோ மூட்டைப்பூச்சியோ, மூடிய வீட்டில் இந்த மாதிரி மருந்து ஒன்றுதான். மண்ணெண்ணெயும் அப்படியே. கட்டில் சந்தில் ஊற்றி ஒரு தீக்குச்சி உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்ற பழமொழி சும்மா வந்ததில்லை.

அப்படியென்றால் என்னதான் செய்வது? சூடு. 50 டிகிரிக்கு மேல் போனால் பூச்சியும் முட்டையும் சில நிமிடத்தில் சாகும். 45 டிகிரியில் முட்டை மணிக்கணக்கில் தாங்கும். தர்மபுரியில் ஏப்ரல், மே மாத வெயில் 38, 40 என்று போகும். நிழல் வெப்பம் போதாது. ஆனால் துணிகளைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டு இறுகக் கட்டி, மொட்டைமாடிக் காரைத் தரையில் உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே 50-ஐத் தாண்டும். நடுநடுவே பையைப் புரட்ட வேண்டும். கனமான பஞ்சு மெத்தைக்கு இது உதவாது. மேலே சூடானதும் பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். ஓசூர்க்காரர்கள் வெயிலை நம்பவே வேண்டாம், அங்கே குளுமை. போர்வை, தலையணை உறை, துணிகளை 60 டிகிரி வெந்நீரில் ஊற வைத்துத் துவையுங்கள். மெத்தையின் தையல் ஓரத்துக்கு நீராவி இஸ்திரிப் பெட்டி அருமையான ஆயுதம். அவசரமே கூடாது, அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். வேகமாக ஊதினால் பூச்சி பறந்து வேறிடத்தில் போய் விழும். கட்டில் சந்துக்குக் கெட்டிலில் கொதித்த தண்ணீர். பிளைவுட் உப்பிவிடும் என்று பயந்தால் அங்கேயும் நீராவி.

கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், போர்வை தரையில் புரள விடாதீர்கள். காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நல்ல பழக்கம்தான், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் கலந்தால் விழுந்த பூச்சி மிதக்காமல் மூழ்கும். ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். குளிர் நாட்டு மூட்டைப்பூச்சி வழவழப்பான கிண்ணத்தில் வழுக்கி விழும். நம் வெப்ப நாட்டு வகைக்குக் காலில் பிடிப்பு அதிகம், கண்ணாடியிலேயே ஏறும்.

இன்னொன்று. கடி தாங்காமல் கூடத்தில் போய்ப் படுக்காதீர்கள். நீங்கள் விடும் மூச்சையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடித்துப் பூச்சி அங்கேயும் வரும். ஓர் அறைத் தொல்லை இரண்டு அறைத் தொல்லையாகும். இதெல்லாம் முடித்துப் பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், அப்போதுதான் தப்பிய முட்டையிலிருந்து வந்த குஞ்சு மாட்டும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாம் சுற்றில்தான் கைவிடுகிறார்கள். முதல் சுற்றில் கடி குறைந்ததும் சலித்துப் போகிறது.

ஆள் கூப்பிடுவதாக இருந்தால், என்ன மருந்து, அதன் பெயர் என்ன, எத்தனை முறை வருவீர்கள் என்று கேளுங்கள். ஒரே தடவையில் அடியோடு போய்விடும் என்பவரை நம்பாதீர்கள். மருந்துப் பெயர் சொல்லத் தயங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விடுதி என்றால் பூச்சி இருக்கும் அறையோடு அதன் மேல், கீழ், இரு பக்க அறைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில் புகார் சொன்ன பெண்ணையே வேறு அறைக்கு மாற்றினார்கள். அவள் பெட்டியோடு பூச்சியும் குடிபெயர்ந்தது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில். பையைக் கொண்டுவந்து நேராகக் கட்டில்மேல் வைக்காதீர்கள். திண்ணையில் வைத்துத் துணியை எடுத்து நேரே வெந்நீரில் போடுங்கள், பையின் ஜிப் ஓரத்தைப் பாருங்கள். கல்யாண மண்டப அறைகளில் கொடுக்கும் வாடகை மெத்தை, தலையணைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். வைகாசி முகூர்த்தம் முடிந்ததும்தான் எனக்குப் புகார் கூடுதலாக வரும். பழைய கட்டில், சோபா வாங்கினால் வீட்டுக்குள் ஏற்றுமுன் வெயிலில் போட்டுத் திருகாணி ஓட்டை வரை பாருங்கள்.

வாடகை வீட்டில் யார் செலவு செய்வது என்ற வழக்கு ஓயாது. குடிவந்தவர் கொண்டுவந்தார் என்பார் உரிமையாளர், ஏற்கெனவே இருந்தது என்பார் குடியிருப்பவர். யார் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. என் யோசனை, வீடு காலியாகும்போதே உரிமையாளர் ஒருமுறை பார்த்துச் செய்துவிடட்டும். இடையில் வந்தால் இருவரும் பாதிப் பாதி. ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் வாரங்களில் பூச்சி பெருகும், செலவும் பெருகும்.

கடைசியாக, மெத்தை. பலர் முதலில் செய்வது அதைத் தூக்கித் தெருவில் எறிவதுதான். கட்டிலில் பூச்சி இருந்தால் புது மெத்தைக்கும் வரும், எறிந்து பயனில்லை. எறிந்தே தீர வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு இறக்குங்கள், படியெல்லாம் பூச்சி உதிராது. குப்பைத் தொட்டியில் போடுமுன் கத்தியால் இரண்டு கிழி கிழித்து, அதன்மேல் பெரிய எழுத்தில் "மூட்டைப்பூச்சி" என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் படுக்க இல்லாத யாரோ ஒருவர் நல்ல மெத்தை என்று எடுத்துப் போவார்.

வணக்கம்.