ஆச்சியின் கைப்பிடி

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

எங்கள் வீட்டு அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், மூடி போட்ட தகர டப்பா ஒன்று இருக்கும். ஆச்சி உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போடுவாள். உதடு லேசாக அசையும். என்ன ஜெபம் என்று எனக்குக் கேட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டப்பா கோவிலுக்குப் போகும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம். எல்லா வீட்டு அரிசியும் அங்கே ஒன்றாகச் சேரும். சிவப்பு, வெள்ளை, குருணை எல்லாம் கலந்து கிடக்கும். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர்.

மழை பொய்த்த வருடம் ஒன்று நினைவில் இருக்கிறது. ராத்திரிக்குக் கஞ்சிதான். அன்றைக்கும் அந்தக் கை டப்பாவுக்குப் போனது. "ஆச்சி, நமக்கே இல்லையே?" என்று கேட்டேன். "இருக்கிறதுல இருந்துதானல கொடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

காணிக்கையைப் பற்றி அவள் எனக்குச் சொன்ன மொத்தப் பிரசங்கமும் அவ்வளவுதான். பிற்காலத்தில் எத்தனையோ கன்வென்ஷன் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எதுவும் அந்த ஒரு வரி அளவுக்கு எனக்குள் இறங்கவில்லை.

விசுவாசம் பத்திரம் எழுதிக் கைமாற்றுகிற சொத்து இல்லை. ஆச்சி ஜெபித்தாள் என்பதற்காக எனக்கு விசுவாசம் வந்துவிடாது. நானே கர்த்தரிடம் வந்தாக வேண்டும். ஆனால் வருகிறபோது, வளர்ந்த வீடு பழக்கிவிட்ட கையோடும் நாக்கோடும்தான் வருகிறோம். பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். அவர்களிடம் இருந்த மாயமற்ற விசுவாசம் உன்னிடத்திலும் இருக்கிறது என்கிறார். தகப்பன் கிரேக்கன். ஆனாலும் அந்த வீட்டில் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே வேத எழுத்துகள் தெரிந்திருந்தன. அந்தச் சொல்லிக்கொடுத்தல் எங்கே நடந்திருக்கும்? என் மனதுக்கு ஓர் அடுப்படிதான் தோன்றுகிறது.

எங்கள் மண்ணிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை. பனையும் செம்மண் தேரியும் சூழ்ந்த பகுதி. அங்கே 1874-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் இந்து வணிகக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, அந்த ஊரிலேயே குருவானவராக இருந்தவர். அவர் சீக்கிரமே இறந்துபோக, மகனைத் தாயார் எலனின் கண்டிப்பும் ஜெபமும் வளர்த்தன.

அந்தப் பையன் சென்னையில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1902-ல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டித் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் அவருக்கு உறுத்தியது. வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்த்தே நம் சபை எத்தனை காலம் இருப்பது? அடுத்த வருடம், 1903 பிப்ரவரி 12-ம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில்.

இது யாழ்ப்பாணத்தில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். விதை அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் விதை விழ நிலம் வேண்டுமே! இருப்பதிலிருந்து எடுத்துவைக்கிற வீடுகள் திருநெல்வேலியில் இல்லாதிருந்தால், அந்தச் சங்கம் முதல் வருடத்தையே தாண்டியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சங்கத்தின் முதல் பணித்தளம் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல். தெலுங்கு நாடு. மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்த அசரியா, 1909-ல் தாமே குடும்பத்தோடு அங்கே போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படித்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் அங்கே எழுப்பிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்துக் கோயில் தூண்களையும் மசூதியின் சாயலையும் அதில் சேர்த்தே பார்க்கலாம். இந்த நாட்டுக்காரனாக இருந்துகொண்டே கிறிஸ்துவைத் தொழ முடியும் என்பதைக் கல்லிலே சொன்ன மனிதர் அவர்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் உண்மை பேசியவனாக மாட்டேன். வீடு நல்லதை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. ஜாதியையும் கொடுத்து அனுப்புகிறது. ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்த பிறகும் அது கரையாமல் நம் சபைகளில் நிற்கிறது. தேர்தல் வந்தால் தெரியும், கல்யாணப் பேச்சு எடுத்தால் தெரியும். அசரியா நாடார் குடும்பத்தில் பிறந்தவர். தோர்ணக்கலில் அவர் ஆயுளைச் செலவிட்டது பெரும்பாலும், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள் நடுவே. 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியைத் திருப்பி நம்மைப் பார்த்து நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் ஆச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடியரிசி போட்ட அதே கை, எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவருகிற அக்காளுக்குக் காப்பி ஊற்றியது தனித் தம்ளரில். திண்ணை ஓரத்து மாடக்குழியில் அது கவிழ்த்து வைத்திருக்கும். அந்த அக்காளும் எங்கள் சபைதான். பந்தியில், நான் சொல்வது கர்த்தருடைய பந்தியில், ஆச்சிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவள். வீட்டுக்கு வந்தால் மாடக்குழித் தம்ளர்.

நான் திடப்படுத்தல் எடுத்த அன்று, அதாவது சபையில் முதல் நற்கருணைக்குத் தகுதியான அன்று, கோவில் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். அந்த அக்காளும் எனக்குக் கொடுக்க ஒரு பனையோலைப் பெட்டியில் சில்லுக்கருப்பட்டி கொண்டுவந்திருந்தாள். அம்மா எழுந்து போய் மாடக்குழியிலிருந்து அந்தத் தம்ளரை எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். கழுவி, அடுப்படியில் மற்றத் தம்ளர்கள் இருந்த வரிசையில் கவிழ்த்தாள். பிறகு கைக்கு வந்ததை எடுத்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கைக்கு வந்த தம்ளரைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஆற்றிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு எந்தத் தம்ளர் எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வணக்கம்.