பிள்ளையின் பெயர் பிள்ளைக்கே
(குன்னூரில் திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே உதகையிலிருந்து வந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றி வழங்கிய வணிகப் பெருமக்களே, தூறலையும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசைக் குழந்தைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

சற்றுமுன் நாம் கண்ட ‘குட்பை கிறிஸ்டோபர் ராபின்’, சைமன் கர்ட்டிஸ் இயக்கி 2017இல் வெளியான படம். ‘வின்னி த பூ’ என்னும் கரடிப் பொம்மையின் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்ன், அவர் மனைவி டாஃப்னி, மகன் கிறிஸ்டோபர் ஆகியோரின் வாழ்க்கையைச் சொல்வது. போர், செவிலித்தாய், பெயர் என மூன்றைப் பற்றிப் பேச எண்ணி வந்தேன். முதல் உலகப் போரில் பிரான்சின் சோம் போர்க்களத்திலிருந்து திரும்பிய மில்ன் சிறு ஓசைக்கும் அதிர்ந்துபோவதை, வெலிங்டன் படைமுகாமை அண்டை வீடாகக் கொண்ட நமக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெயருக்கு வருகிறேன். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பார்கள். 1926இல் வந்த அந்தக் கதைநூலில் தந்தை தன் மகனின் பெயரையே கதைச் சிறுவனுக்கு வைத்துவிட்டார். வீட்டில் ‘பில்லி மூன்’ என்று கொஞ்சப்பட்ட பிள்ளையை, ஊரும் உலகமும் கிறிஸ்டோபர் ராபின் என்று உரிமை கொண்டாடின.

படத்தில் இல்லாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுவயதில் கிறிஸ்டோபரின் குரலைப் பதிவு செய்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார்கள். பின்னாளில் விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது, பக்கத்து அறை மாணவர்கள் கிராமபோனில் அதே தட்டை ஓடவிட்டுக் கேலி செய்தார்கள், மறுபடி ஓடவிட்டார்கள், மறுபடியும் ஓடவிட்டார்கள். தன் மழலைக் குரலே சுவருக்கு அப்பாலிருந்து தன்னை எள்ளி நகையாடுவதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை எப்படிப் பாடம் படித்திருக்கும்! இறுதியில் அவர்களுக்கே சலித்துப்போய்த் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைத் துண்டு துண்டாக உடைத்து, தொலைவிலிருந்த ஒரு வயலில் இறைத்துவிட்டு வந்தார். 1974இல் எழுதிய நினைவுநூலில் அவரே இதைச் சொல்கிறார். வாயும் வயிறும் வேறு, ஐயா, குரலும் வேறு.

அதே மனிதர்தான் 1951இல், தன் மனைவியோடு இங்கிலாந்தின் டார்ட்மத் நகரில் புத்தகக் கடை திறந்தார். புத்தகத்தால் காயப்பட்டவர் புத்தகங்களுக்கு நடுவிலேயே தன் வாழ்வை அமைத்துக்கொண்டார் என்பதைப் படித்தபோது என் கண்கள் கலங்கின.

இங்கேதான் பெரியோர்களிடம் என் கோரிக்கையை வைக்கிறேன். நம் பகுதி நூலகமொன்றில் குழந்தைகள் அறை நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கிறது. சன்னல் வழியே பார்த்தேன்: ஓதம் ஏறிய அலமாரி, ராமபாணப் பூச்சி அரித்த அட்டைகள், கவிழ்த்து வைத்த சிறு நாற்காலிகள். பள்ளி விட்டதும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பேருந்துக்காகக் குளிரில் நிற்கும் நேரம் அது. நாம் தேர்ந்து கொடுப்பதை அல்லாமல், தானே அலமாரியில் துழாவி ஒரு புத்தகத்தை எடுத்து, தன் பெயரில் பதிந்து கொண்டுபோகும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

செவிலித்தாயைப் பற்றிப் பேச நேரமில்லை, பொறுத்தருள்க. அறையைத் திறக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கல்வி அலுவலர் அவர்கள் உதகைக்கு மலை ஏறுவதற்குள் அதைத் தம் கையால் பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார். பெரியவர்கள் கையொப்பமிடுங்கள், குழந்தைகளே, உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.