எண்ணிட்ட பத்திகளும் மறைக்கல்வி வகுப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் அன்பர்கள் சிலர், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை முதல் பத்தியிலிருந்து அப்படியே வாசித்துக் காட்டத் தொடங்குகிறார்கள். கால்மணி நேரத்தில் பிள்ளைகளின் கண்கள் ஜன்னல் பக்கம் போய்விடுகின்றன. குறை பிள்ளைகளிடம் இல்லை. அந்த நூல் வகுப்பில் வாசித்துக் காட்டுவதற்காக அன்று, கற்பிப்போர் எடுத்துப் பார்ப்பதற்காகத் தொகுக்கப்பட்டது.

திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கத்துக்குப் பின் 1566-இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூலும் பங்குத்தந்தையரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. இப்போதுள்ள நூலை 1985-ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் கேட்டது. மறு ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் பன்னிருவர் கொண்ட ஆணையத்தை அமைத்தார். வரைவு உலகெங்குமுள்ள ஆயர்களுக்கு 1989-இல் அனுப்பப்பட, 24,000-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து, எடைபோட்டு, சேர்த்து முடித்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1992-இல் ஒப்புதல் பெற்ற அந்த நூலின் அதிகாரபூர்வ இலத்தீன் பதிப்பு 1997-இல் வந்தது.

நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள், கட்டளைகள், இறைவேண்டல் என நான்கு பகுதிகள். 2,865 எண்ணிட்ட பத்திகள். ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் காணும் எண்கள் அதே பொருளைப் பேசும் வேறு பத்திகளுக்கு வழிகாட்டுகின்றன. அடிக்குறிப்புகள் விவிலியத்தையும் பொதுச்சங்க ஏடுகளையும் தொடக்க நூற்றாண்டுகளின் ஆசிரியர்களான திருச்சபைத் தந்தையரையும் சுட்டுகின்றன. சிறிய எழுத்தில் இருப்பவை வரலாற்று விளக்கங்களும் துணைக் கருத்துகளும் மேற்கோள்களும். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் உள்ள சுருக்கவுரைகளில்தான், பிள்ளைகள் மனப்பாடம் செய்யத்தக்க வாசகங்கள் கிடைக்கின்றன. வயதுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப இவற்றை மாற்றியமைத்துச் சொல்வது கற்பிப்போரின் கடமை என்று 24-ஆம் பத்தி வெளிப்படையாகவே கூறுகிறது. வினா விடையாகவே வேண்டுமென்பவர்களுக்கு, 598 வினாக்களுடன் 2005-இல் வந்த சுருக்கநூல் இருக்கிறது.

தொகுத்து முடித்த நூலிலும் வாசகம் மாறக்கூடும். மரண தண்டனை பற்றிய 2267-ஆம் பத்தி இதற்குச் சான்று. மிகக் கடுமையான குற்றங்களில் அத்தண்டனையை 1992-இன் வாசகம் (அப்போது 2266-ஆம் பத்தியில்) விலக்கவில்லை. அதற்கான தேவை இன்று அநேகமாக இல்லை என்று 1997-இன் வாசகம் ஒதுக்கியது. அது ஏற்கத்தகாதது என்று 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதச் செய்தார். முந்தைய ஆண்டு அவரே ஆற்றிய உரையொன்று அந்தப் பத்தியின் அடிக்குறிப்பில் சான்றாக நிற்கிறது. எனவே 2018-க்கு முன் அச்சான பிரதியை வைத்திருக்கும் ஆசிரியர், ‘கொலை செய்யாதே’ என்ற ஐந்தாம் கட்டளையைக் கற்பிக்கும் நாளில் அந்த ஒரு பத்தியையாவது புதிய வாசகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவது நல்லது.