இட்லிக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

காலை இட்லியோடு சேர வேண்டியது முட்டையா, நம்ம ஊர்ப் பழமா? இதுதான் தலைப்பு. நான் பழத்துக்காகப் பேச வந்தவன்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், கூடவே வைட்டமின் பி12, பழமோ வெறும் சர்க்கரைத் தண்ணி என்றார் எதிரணி அண்ணன். முட்டையைப் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் அண்ணே, இட்லி மட்டும் என்ன வெறும் மாவா? புரதத்தின் ஒரு கூறான லைசின் அரிசியில் குறைவு, உளுந்தில் நிறைய இருக்கிறது. உளுந்தில் குறைவதை அரிசி ஈடுகட்டுகிறது. போதாததற்குச் சாம்பாரில் துவரம்பருப்பு. வேகவைத்த இந்தத் தட்டில் உண்மையாகவே குறைவது வைட்டமின் சி. முட்டையில் அது துளியும் கிடையாது, நார்ச்சத்தும் கிடையாது. கடன் கேட்கப் போனாலும் இருக்கிறவனிடம் அல்லவா போக வேண்டும்?

100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் 50 தேறினால் அதிகம். அதை வைத்து என்ன செய்ய என்கிறீர்களா? பருப்பு, கீரை, கம்பங்கூழ் இவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி போனால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். முட்டை செய்வது இதற்கு நேர் எதிர். மஞ்சள்கருவில் இருக்கும் பாஸ்விட்டின் என்ற புரதம் இரும்பைப் பிடித்த பிடி விடாது. முட்டையிலும் இரும்பு உண்டு என்று அண்ணன் கைதட்டு வாங்கினாரே, அதில் பெரும்பகுதி நமக்கு வந்து சேர்வதே இல்லை. (இட்லியை முடித்த கையோடு டீ குடிப்பவர்களே, நீங்களும் சிரிக்காதீர்கள். டீயும் அதே வேலையைத்தான் செய்கிறது.)

சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ருசியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் வைட்டமின் சி கணக்கில் கொய்யாவுக்குக் கிட்டே அது வராது. என் அணிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

பழம் வாங்கக் காசு யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டி வரும் ஆப்பிளை நினைத்துக் கேட்டிருப்பார்கள். நான் சொல்வது ஆயக்குடிக் கொய்யா. சீசனில் ரோட்டோரம் கூறு கட்டி விற்கிறார்களே, அது!

அப்புறம் ஐயா, மதுரையில் ராத்திரி முழுக்க முட்டை ராஜ்யம்தான். கலக்கி, முட்டை தோசை, கொத்துப் பரோட்டா. காலையிலாவது அதற்கு ஓய்வு கொடுக்கலாமே.

கடைசியாக, அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவுக்கு ஒரு கேள்வி. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது இதே மதுரையில்தான், ஒரு மாநகராட்சிப் பள்ளியில். காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். மதியச் சத்துணவில் முட்டை ஏற்கெனவே வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் காலைத் தட்டில் இன்னும் ஒன்றே ஒன்று வைக்கலாம் என்றால், இரண்டாவது முட்டையை வைப்பீர்களா, ஒரு கொய்யாவை வைப்பீர்களா? பதிலை மேடையிலேயே சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.