வேலைக்கு விட்ட காசு ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது?

(கிளிநொச்சியில் கமக்காரர்கள் முன் பேசியது)

வணக்கம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி காப்பெற் ஆனபோது சந்தோசப்படாதவர் இங்கே யார்? வீதி சீனக் கடனில், இரயில் பாதை இந்தியக் கடனில். 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் இரயில் திரும்பி வந்தது. இவை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் வீதியால் வரும் பயன் ஒன்று, வீதி போடும்போது ஊருக்குள் இறங்கும் காசு இன்னொன்று.

வேலையில்லாக் காலத்தில் அரசு செலவழிக்கும் ரூபாய் ஒரு கையோடு நிற்காது என்று 1931 இல் பொருளியலாளர் கான் கணக்குப் போட்டார், இன்னொரு பொருளியலாளர் கெயின்ஸ் அதை விரித்தார். கூலி வாங்கியவர் கடைக் கொப்பிக் கடனைக் கட்டுவார், கடைக்காரர் ஆலையில் அரிசி எடுப்பார், ஆலைக்காரர் நெல் வாங்குவார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 இல் தொடங்கிய வேலைத்திட்டம் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிக் கூலி கொடுத்தது. சரி, கடன் தந்த நாட்டுக் கம்பனியே இயந்திரத்தையும் ஆளையும் கொண்டுவந்து வேலையை முடித்தால்? ஏ9 இல் போகிற எல்லோரும் நின்று பிள்ளையாரைக் கும்பிடும் முறிகண்டியில்கூட நிற்காமல் காசு போய்விடும். கடன் மட்டும் எங்கள் தலையில். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியபோது அதன் பாரம் உங்கள் பசளை விலையிலேயே தெரிந்தது.

இப்போது எங்கள் சின்னக் குளங்களைப் பாருங்கள். காலபோக அறுவடை பங்குனியோடு முடிகிறது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாத கிராமத்தில் ஐப்பசி மழை வரைக்கும் கூலி வேலை தேடி அலைகிறார்கள். அதே மாதங்களில்தான் குளம் வற்றி, தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவில் ஏறிய துருவும், அலை மோதும் அணைப் பக்கமான அலைகரையில் சரிந்த கல்லும் கண்ணுக்குத் தெரியும். அணைக்கட்டை இறுக்க றோலர் வேண்டும், அதை மண்வெட்டியால் செய்ய முடியாது. ஆனால் கல் அடுக்க, வாய்க்கால் வெட்ட, மதகு கட்ட எங்கள் மேசன்மாரும் பெண்களும் போதும். கூலியும் ஊருக்குள், அடுத்த போகத் தண்ணீரும் ஊருக்குள்!

நடப்பது என்ன? அரசின் ஆண்டுக் கணக்கு டிசம்பரில் மூடப்படும், குளம் திருத்தும் காசு ஐப்பசி கார்த்திகையில்தான் வந்து சேரும், கொட்டுகிற மழைக்குள் அவசர அவசரமாக மண்ணைப் போட்டுப் படம் எடுப்பார்கள், போட்ட மண் தையிலேயே வாய்க்காலுக்குள் கிடக்கும். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சின்ன வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் உங்கள் கமக்கார அமைப்புகளுக்கும் நேரடியாக ஒப்பந்தமாகக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் முற்பணம் இல்லாத சங்கம் சீமெந்துக்கு எங்கே போகும்? கடைசியில் யாரோ ஒரு ஒப்பந்தக்காரரிடம்தான். ஆகவே அடுத்த விவசாயக் குழுக் கூட்டத்தில் இரண்டைக் கேளுங்கள்: வேலைக்கான செலவு மதிப்பீடு தை மாதத்திலேயே வேண்டும், முற்பணம் வேலை தொடங்கும் முன்பே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும்.