மூன்று வட்டியும் முப்பது வருட மரமும்

அடுத்த கேள்வி. கம்பத்துக்காரர் ஒருவர், கேரளத்தின் இடுக்கி மலையில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருப்பவர், நீளமாக எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கேள்வியை மட்டும் படிக்கிறேன்.

“ஐயா, மூன்று ஏக்கர் ஏலம், மூன்று வருடக் குத்தகை. வெளியில் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்டிருக்கிறேன். நிழல் மரத்தைக் குறைத்தால் காய் கூடும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். நீங்கள் போன மாதம் நீடித்த வளர்ச்சி, சூழலியல் என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். மரத்தை வெட்டாதே, பூச்சிமருந்தைக் குறை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் மாதச் சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர்களாகவே இருக்கிறார்கள். இது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு இல்லையா?”

பென்ஷன் என்று அவர் எழுதியது என்னைத்தான், ஓய்வு பெற்ற பொருளாதார வாத்தியாரை. பரவாயில்லை தம்பி, வாங்குகிறேன், மறைக்கவில்லை. குமுளியில் மழை தகரத்தில் கொட்டுகிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘மூன்று வட்டி’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. மரம், மருந்து, மலை எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அதை மட்டும் முதலில் பார்ப்போம்.

நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். வருடத்துக்கு 36. வட்டிக்கு வட்டி ஏறினால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். இப்போது உங்கள் தோட்டத்தில் நிற்கிற ஒரு சந்தனவேம்பையோ பலாவையோ எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வருடத்துக்கு 4 சதவீதம் பருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அது இரட்டிப்பாக 18 வருடம் ஆகும். கடன் இரண்டு வருடத்தில் செய்வதை மரம் பதினெட்டு வருடத்தில் செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே தோட்டத்தில் கட்டிப்போட்டால் எது எதைத் தின்னும்? மூன்று வட்டிக்கு வாங்கியவனால் முப்பது வருட மரத்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது. அவன் கெட்டவனும் இல்லை, பேராசைக்காரனும் இல்லை. கணக்கு அவன் கையில் அரிவாளைக் கொடுக்கிறது.

இது நான் கண்டுபிடித்ததில்லை. காலின் கிளார்க் என்று கனடாவில் ஒரு கணித அறிஞர். 1973இல் திமிங்கில வேட்டையை வைத்து இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பு வரை, கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆளாளுக்குப் பிடிக்கிறார்கள், அதனால்தான் திமிங்கிலம் அழிகிறது என்பார்கள். கிளார்க் கேட்டது வேறு கேள்வி. எல்லாத் திமிங்கிலமும் ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்தால் அவர் காப்பாற்றுவாரா? எப்போதும் காப்பாற்றுவார் என்று சொல்ல முடியாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த விடை. நீலத் திமிங்கிலம் மெதுவாகப் பெருகுகிற பிராணி. பணம் அதைவிட வேகமாகப் பெருகுகிற இடம் வேறு எங்காவது இருந்தால், கடைசித் திமிங்கிலம் வரை கொன்று காசாக்கி அங்கே போட்டுவிடுவதுதான் லாபமாக முடியும். சொந்தம் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய அடி. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்பெஞ்சில் ஒரு பையன், “சார், எங்கள் ஊர்க் கந்துவட்டிக்காரர் மாதிரி” என்றான். நான் எழுதி வைத்திருந்த குறிப்பைவிட அது நன்றாக இருந்தது.

திமிங்கிலத்துக்குப் போவானேன். நம் பக்கமே ஒருவர் இருந்தார். ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர், கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார், 1960இல் மதுரையில் காலமானார். அவர் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தேங்கி நிற்பது: நிலக்கரி, பெட்ரோல் போல. எடுக்க எடுக்கக் குறையும். இன்னொன்று ஓடிக்கொண்டிருப்பது: ஆறு, காற்று, வெயில், விளைச்சல் போல. எடுத்தாலும் மறுபடி வரும். நம் வீடுகளில் இதை முதல், வட்டி என்று சொல்வோம். வட்டியைச் சாப்பிடு, முதலில் கை வைக்காதே என்று சொல்லாத பாட்டி கம்பம் பள்ளத்தாக்கில் உண்டா?

முல்லைப் பெரியாறு தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895 முதல் அணையிலிருந்து நமக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பித்தான். வருகிற தண்ணீர் வட்டி. மேலே நிற்கிற காடு முதல். அணை வெறும் கஜானாதான். நாமோ நாற்பது வருடத்துக்கும் மேலாகக் கஜானாவின் உயரம் எத்தனை அடி என்றே சண்டை போடுகிறோம். போட வேண்டிய சண்டைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலைப் பற்றி இரண்டு கரையிலும் பேச்சே இல்லை.

உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொய் சொல்லவில்லை. நிழலைக் குறைத்தால் ஒன்றிரண்டு வருடம் தூர் வெடித்துப் புதுத் தண்டுகள் கிளம்பும், பூச்சரம் கூடும், காயும் கூடும். ஞள்ளானி ரகம் வந்த பிறகு இது இன்னும் அதிகம். இடுக்கி விவசாயி ஒருவர் பொறுக்கியெடுத்து வளர்த்த ரகம் அது. பழைய ரகங்களைவிட வெயில் தாங்கும், உரத்துக்கு நன்றாக ஈடு கொடுக்கும். அந்த மனிதரின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஏலம் அடிப்படையில் காட்டுக்குள் மரத்தடியில் பிறந்த செடி. நிழல் போனால் சருகு போகும், சருகு போனால் மண்ணில் ஈரம் போகும், கோடையில் தண்ணீர் அடிக்க வேண்டும், அதற்குப் பிளாஸ்டிக் படுதா விரித்த குளம் வெட்ட வேண்டும், மோட்டார் வைக்க வேண்டும். மரம் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை நீங்கள் காசு கொடுத்துச் செய்கிறீர்கள். வேடிக்கை என்னவென்றால், படுதா விற்றது, மோட்டார் விற்றது, டீசல் விற்றது எல்லாமே நாட்டின் வருமானக் கணக்கில் வரவாக ஏறும். மரம் போனது எந்தப் பக்கத்திலும் ஏறாது. தேசிய வருமானத்தை அளக்கும் முறைக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்நெட்ஸ், இந்த எண்ணை வைத்து மக்களின் நல்வாழ்வை முடிவு செய்துவிட முடியாது என்று 1934லேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். எண்ணை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

2024 கோடையில் இடுக்கியில் செடிகள் ஏக்கர் ஏக்கராகக் கருகியது உங்களுக்கும் தெரியும். நான் பார்த்தவரை, மேலே குடை பிடித்தது போல மரம் நின்ற இடங்களில் செடி ஓரளவு தாக்குப்பிடித்தது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் நடந்த ஏல விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாய் வரை போனது. முப்பது வருடம் பொருளாதாரம் நடத்திய நான் அந்த வாரமே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தேன். விலை ஏன் ஏறியது என்று யோசித்தேனா? இல்லை. 2018 வெள்ளத்தில் மலை சரிந்து, வேர் அழுகி, அடுத்து வந்த வறட்சியில் மிச்சமும் காய்ந்து, சந்தைக்குக் காயே வரவில்லை. அதனால் ஏறிய விலை. மலைக்கு அடிபட்டது என்று அந்த 7000 கூவிக்கொண்டிருந்தது. என் காதில் செழிப்பு என்று விழுந்தது. எல்லோரும் நட்டோம், எல்லோரும் கடன் வாங்கினோம். 2021-22இல் விலை 1000 ரூபாய்க்கும் கீழே வந்தபோது ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு வேண்டிய ஐந்து கிலோ பச்சைக் காயை எடுக்கும் கூலியே கட்டவில்லை. என் மனைவியின் இரண்டு வளையல்கள் போடியில் ஓர் அடகுக் கடையில் இருந்தன. மீட்டுவிட்டேன், ஆனால் இன்னும் அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

விலை என்பது தாமதமாக வருகிற தபால், தம்பி. மலையில் நடந்தது அடுத்த வருடம்தான் சந்தைக்குத் தெரியும். சில விஷயங்கள் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தச் செலவு வேறு யாருடைய கணக்கிலோ எழுதப்படுகிறது.

மருந்து விஷயத்தில் இதுதான் நடக்கிறது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்துக்குப் போட்ட ஏலக்காயில் மருந்து மிச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, அது தனிக் கதை; அதற்குள் சரக்கு பழசாகிவிட்டது. காயை விளைவித்தவர் காசு வாங்கி முடித்திருப்பார். நஷ்டம் தேவஸ்வத்தின் தலையில். காசர்கோட்டில் இன்னும் கொடுமை. முந்திரித் தோட்டத்தில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை வருடக்கணக்காக ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். முந்திரி விற்ற காசு ஒரு கணக்கில் போனது. 2017இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, கேரள அரசின் கஜானாவிலிருந்து. தலை பெருத்துப் பிறந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே முதுமை அடைந்த தாயின் கணக்கு எந்தக் கஜானாவில் இருக்கிறது?

நம் பக்கம் அந்தக் கணக்கு விடிகாலை ஜீப்பில் ஏறிப் போகிறது. கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகத் தினமும் மேலே போகும் பெண்கள். என் அம்மாவும் அப்படிப் போனவள்தான். மருந்து அடித்த மறுநாளே தூரைப் பிரித்துக் குனிந்து காய் எடுப்பாள், அந்தக் கையோடு தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவாள். வயிறு நிறைந்தவர்களின் பேச்சா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இவள். மருந்தைக் குறை என்று மேடை ஏறிச் சொல்ல அவளுக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் மறுநாள் ஜீப்பில் இடம் இருந்திருக்காது. ஏலப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கிறது, அந்த ஒரு நாளில் தேனீ வந்தால்தான் காய். காலையில் மருந்து அடித்தால் தேனீயும் சாகும். அதற்கும் சங்கம் கிடையாது.

ஆகவே உங்கள் பாதி நியாயத்தை முழுசாகவே ஒத்துக்கொள்கிறேன். மரத்தைக் காப்பாற்று என்று உங்களிடம் வந்து சொல்வதற்கு முன்னால், உங்களுக்கு மூன்று வட்டி எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். போன மாதம் ஒரு மணி நேரம் பேசியும் நான் அதைக் கேட்கவில்லை. அது என் தப்பு. விவசாயக் கடன் அட்டையில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை 7 சதவீதத்துக்குப் பயிர்க்கடன் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். 4 சதவீதம்! மரம் வளர்கிற வேகம். ஆனால் அது பட்டா வைத்திருப்பவருக்குச் சுலபம், குத்தகைக்காரருக்குக் குதிரைக்கொம்பு. ஏலமலையில் பலருக்கும் பட்டாவே சிக்கல். நிலம் வருவாய்த் துறையுடையதா, வனத் துறையுடையதா என்று பல பத்தாண்டுகளாக இழுக்கிறார்கள். உரிமை மூன்று வருடம், கடன் மூன்று வட்டி என்று இருக்கிற மனிதரிடம் முப்பது வருட மரத்தைப் பற்றி உபதேசம் செய்தால் உங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

நீங்கள் என்ன செய்வது? தோட்டக்காரரிடம் போய்க் குத்தகையை ஏழெட்டு வருடத்துக்கு எழுத்தில் கேளுங்கள், மரத்தில் கை வைக்க மாட்டேன் என்பதைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மரம் அவருடைய சொத்துக்கும் மதிப்பு, அதனால் இறங்கி வருவார். வாய்மொழிக் குத்தகைதான் என்று அடம்பிடித்தால் இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள், புதுக் கடன் போடாதீர்கள். கையெழுத்தான பத்திரம் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் கூட்டுப் பொறுப்புக் குழுவாக நாலைந்து பேர் சேர்ந்து கடன் கேட்கலாம்; குத்தகைக்காரர்களுக்கென்று இருக்கிற ஒரு வழி அது. கிடைத்தால் முதலில் அந்த மூன்று வட்டிக் கடனை அடைத்துவிடுங்கள். உரக்கடை பாக்கி இரண்டாவது.

உங்கள் தோட்டத்தில் நிழல் உண்மையிலேயே அதிகமாகவும் இருக்கலாம், நான் தோட்டத்தைப் பார்க்கவில்லை. அப்படியானால் கிளைகளை மட்டும் கவாத்து செய்யுங்கள், பாதி வெயில் பாதி நிழல் விழுகிற மாதிரி. அடிமரத்தைத் தொடாதீர்கள். ஜூன் மழை பிடிப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஏறத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள், கயிறு கட்டாமல் ஏறவிடாதீர்கள்.