பதிவேட்டில் இருக்கிற சைபர்

நேயர்களுக்கு வணக்கம். தொற்றுநோய் மருந்துகள் ஊர்ப்புறங்களுக்கு எப்படி வந்து சேருகின்றன என்று பேசச் சொன்னார்கள். கப்பல், விமானம், லொறி எல்லாம் உண்டுதான், ஆனால் இன்று நான் பேசப்போவது களஞ்சியத்து மேசையில் கிடக்கிற இருப்புப் பதிவேட்டைப் பற்றி.

கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு, அங்கிருந்து திருகோணமலை மாவட்டக் களஞ்சியம், பிறகு வெருகல், குச்சவெளி, கோமரங்கடவல என்று போகும். கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்துக் கிடந்த காலம், 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. ஆனால் வீதி நல்லாயிருந்தும் அலுமாரி வெறுமையாகிறது. ஏன்?

போன ஆண்டு எவ்வளவு கொடுத்தோம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் அடுத்த ஆண்டுத் தேவையைக் கணிக்கிறார்கள். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மாதம் 600 குளிசை போகிறது என்று வைப்போம். ஆகஸ்ட் கடைசியோடு இருப்பு முடிந்துவிட்டது, மிச்ச நாலு மாதமும் பதிவேட்டில் சைபர், வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனதை யாரும் எழுதவில்லை. ஆண்டுக் கணக்கு 4,800 என்று கொழும்புக்குப் போகும். உண்மையில் வேண்டியது 7,200. அப்புறம் என்ன, அடுத்த ஆண்டும் ஆகஸ்டிலேயே முடியும். இருப்பு இருந்த எட்டு மாதத்தால் மட்டும் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் சரியான கணக்கு வந்துவிடும், இதற்குப் பெரிய கம்பியூட்டர் ஒன்றும் தேவையில்லை.

காசநோய் என்றால் இது விளையாட்டில்லை. வழமையான சிகிச்சை ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. இடையில் விட்டுவிட்டுக் குடித்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

தன்சானியாவில் 2009இல் மூன்று மாவட்டங்களில் ஒரு வேலை செய்தார்கள். வாரம் ஒருமுறை சுகாதார நிலையங்களுக்கு எஸ்எம்எஸ் போகும், மலேரியா மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, நேரத்துக்குப் பதில் போட்டவருக்கு ரீலோட் இலவசம். ஏதோ ஒரு மலேரியா மருந்தாவது இல்லாமல் இருந்த நிலையங்கள் 21 வாரத்தில் 78 சதவீதத்திலிருந்து 26க்கு இறங்கின. அந்த ரீலோட்தான் எனக்குப் பிடித்த பகுதி. படிவம் நிரப்புகிறவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா?

இன்னொரு சைபர் இருக்கிறது, அது நல்ல சைபர். இலங்கைக்குள் மலேரியாவின் தொடர்பரவல் 2012 ஒக்டோபரோடு நின்றது, 2016இல் உலக சுகாதார அமைப்பு சான்றிதழும் தந்தது. ஆனால் பரப்புகிற நுளம்பு போய்விடவில்லை, வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் கடும் மலேரியாவுக்குப் போடுகிற ஆர்டிசுனேட் ஊசி வாங்கி வைத்தே ஆகவேண்டும். ஒருவருக்கும் போடாமல் காலாவதியாகிப் போனால் கணக்குப் பார்க்கிறவர் வீண்செலவு என்பார். என் கணக்கில் அது வீணில்லை.

மலேரியா மருந்து தெருமுனைப் பார்மசியில் கிடைக்காது, மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகவே ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.